தலை ஒரு கரையில், உடல் ஒரு கரையில்!

பாரிஸ் நகரின் நடுவே சேன் நதி ஓடுகிறது. நதியின் ஒரு கரையில் ஓர் அருங்காட்சியகம். மனிதனின் வரலாற்றைக் காட்டும் இடம் அது. அங்கே ஒரு மண்டை ஓடு இருக்கிறது. கீழ்த்தாடை கிடையாது. அதன் மேல் யார் யாரோ தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நதியின் மறுகரையில் செயிண்ட் ஜெர்மன் என்ற மிகப் பழைய மாதா கோவில். அதற்குள் ஒரு கல்லறை. அந்தக் கல்லறையில் தலை இல்லை.

இரண்டும் ஒரே மனிதருடையவை!

அந்த மனிதர்தான் ரெனே டேக்கார்ட். பிரெஞ்சு தேசத்தின் தத்துவ மேதை. மனம் வேறு, உடம்பு வேறு, இரண்டும் தனித்தனியான இரண்டு பொருள்கள் என்று அடித்துச் சொன்னவர். அப்படிச் சொன்னவருடைய தலையே உடம்பை விட்டுப் போய்விட்டது. அது போன கதையைப் பிறகு பார்ப்போம்.

பரீட்சை நாளன்று பையனுக்கு வயிறு கலக்குகிறது. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. பயம் மனத்தில் இருக்கிறது, கலக்கம் வயிற்றில் இருக்கிறது. துக்க வீட்டில் சோறு தொண்டையில் இறங்குவது இல்லை. நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவர் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். இது நமக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் மனத்தின் துன்பம் உடம்புக்கு எந்த வழியாகப் போகிறது? உடம்பின் நோவு மனத்துக்கு எந்த வழியாக வருகிறது? டேக்கார்ட்டின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வி அவரை விடாமல் துரத்தியது. அவர் பதில் சொன்னார். ஓர் இளவரசி அந்தப் பதிலை ஒப்புக்கொள்ளவில்லை!

நோஞ்சான் பிள்ளை

1596-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, பிரான்சில் லா ஹே என்ற சிற்றூரில் டேக்கார்ட் பிறந்தார். (அந்த ஊருக்கு இப்போது அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.) தந்தை பிரிட்டனி மாகாணத்தின் உயர் நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். வசதியான குடும்பம்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாய் இறந்துவிட்டார். அடுத்த பிரசவத்தில் வந்த சாவு அது. ஆனால் டேக்கார்ட் வேறு விதமாக நம்பினார். தாம் பிறந்த சில நாளிலேயே நுரையீரல் நோயால் தாய் இறந்தார் என்றும், தமக்கு இருந்த வறட்டு இருமலும் வெளிறிய முகமும் தாய் கொடுத்த சொத்து என்றும் நடு வயதிலும் எழுதினார். பிள்ளை பிழைக்காது என்று வைத்தியர்கள் கையை விரித்தார்களாம். பாட்டியும் ஒரு செவிலித்தாயும் வளர்த்தார்கள். அந்தச் செவிலித்தாயை அவர் மறக்கவே இல்லை. அந்த அம்மாளுக்குப் பணம் போய்ச் சேர ஏற்பாடு செய்திருந்தார்.

லா பிளேஷ் என்ற ஊரில் ஏசு சபைப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் விடியும் முன்பே எழுந்தாக வேண்டும். நோஞ்சான் பிள்ளையான டேக்கார்ட்டுக்கு மட்டும் விலக்கு. விருப்பப்பட்ட நேரம் வரை படுக்கையில் கிடக்கலாம். பையன் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே யோசித்துக் கிடந்தான். பின்னாளில் உலகத்தைக் கலக்கிய யோசனைகள் பலவும் படுக்கையில் பிறந்தவையே.

நேரம் கழித்து எழுந்திருக்கும் இந்தப் பழக்கம் 53 வயது வரை நீடித்தது. வாசகர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் அவருடைய உயிரே இருந்தது.

மூன்று கனவுகள்

சட்டம் படித்துத் தேறினார். வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில் 1618-ல் ஹாலந்து தேசத்துப் படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் இருந்தார். குளிர்காலம். கணப்பு வைத்துச் சூடாக்கிய ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கொண்டிருந்தார். 1619-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி இரவு, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கனவுகள் வந்தன. அறிவு முழுவதையும் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும் என்று தமக்கு உத்தரவு வந்ததாக அவர் எண்ணிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 23.

புதிய வீடு கட்டுகிறவன் பழைய சுவரை இடிக்கிறான் அல்லவா? டேக்கார்ட்டும் இடித்தார். சந்தேகப்பட முடிந்த எல்லாவற்றையும் தள்ளிவிடுவது என்று தீர்மானித்தார். கண் பார்ப்பது நிஜமா? தூரத்தில் உருண்டையாகத் தெரியும் கோபுரம் கிட்டே போனால் சதுரமாக இருக்கிறது. கண் ஏமாற்றிவிட்டது. கையும் காலும் நிஜமா? கனவிலும் கைகால் இருக்கின்றன, நடக்கிறோம், ஓடுகிறோம். விழித்தால் படுக்கையில் கிடக்கிறோம். ஆகவே உடம்பைக்கூடச் சந்தேகப்படலாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் சந்தேகப்பட முடியவில்லை. சந்தேகப்படுகிற ஒருவன் இருக்கிறான் என்பதை! அவன் இல்லாவிட்டால் சந்தேகமே எழ முடியாது.

உடம்பு உண்டா இல்லையா என்று தெரியாத நிலையிலும், நினைக்கும் மனம் உண்டு என்று தெரிகிறது. ஆகவே மனம் வேறு, உடம்பு வேறு. உடம்புக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, அது இடத்தை அடைக்கும். ஆனால் அதற்கு நினைப்பு கிடையாது. மனத்துக்கு நினைப்பு உண்டு. ஆனால் அதற்கு நீளமும் அகலமும் எடையும் கிடையாது. கவலையை முழம் போட்டு அளக்க முடியுமா?

உயிர் வேறு, கூடு வேறு என்பது பாட்டி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிய பேச்சு அல்ல. டேக்கார்ட்டிடம் எது புதிது? உடம்பை அவர் முழுக்க முழுக்க இயந்திரம் ஆக்கிவிட்டார். அதுவரை ஐரோப்பாவில், சோறு செரிப்பதற்கும் இதயம் துடிப்பதற்கும்கூட ஆத்மாதான் காரணம் என்று கல்லூரிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். அது எல்லாம் வேண்டியதில்லை, கடிகாரம் ஓடுவது போல உடம்பு தானே ஓடுகிறது என்றார் டேக்கார்ட். இயந்திரம் என்றால் கழற்றிப் பார்க்கலாம், பழுது கண்டுபிடிக்கலாம்!

கசாப்புக் கடைத் தெரு

கழற்றிப் பார்க்கவும் செய்தார். 1628-ம் ஆண்டின் கடைசியில் ஹாலந்துக்குக் குடிபோனார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் அங்கே இருந்தார். தொந்தரவு இல்லாமல் யோசிக்க வேண்டும் என்று வீட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். ஆம்ஸ்டர்டாமில் அவர் குடியிருந்தது கசாப்புக்காரர்கள் நிறைந்த தெரு. ஒரு குளிர்காலம் முழுவதும் கிட்டத்தட்டத் தினமும் கசாப்புக் கடைக்குப் போய், மாடு வெட்டுவதைக் கூர்ந்து பார்த்தார். வேண்டிய உறுப்புகளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி நிதானமாக அறுத்து ஆராய்ந்தார். அவருடைய புத்தகசாலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒருவரிடம், அறுத்து வைத்திருந்த கன்றுக்குட்டியைக் காட்டி, இதுதான் என் புத்தகசாலை என்கிற விதமாகப் பதில் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. வேடிக்கை என்னவென்றால், சாப்பாட்டில் அவருக்குக் காய்கறியும் பழமுமே அதிகம் பிடிக்கும்.

அந்தக் காலத்து அரண்மனைத் தோட்டங்களில் தண்ணீரின் வேகத்தால் அசையும் பொம்மைகள் உண்டு. கல்லை மிதித்தால் பொம்மை ஓடி ஒளியும், வேறொன்று வந்து தண்ணீரைப் பீய்ச்சும். நமது நரம்புகளும் அந்தக் குழாய்களைப் போன்றவையே என்றார் டேக்கார்ட். காலில் நெருப்புப் பட்டால் நரம்பு இழுபடுகிறது. கயிற்றின் ஒரு நுனியை இழுத்தால் மறு நுனியில் மணி அடிப்பது போல, உடனே மூளையில் அசைவு உண்டாகிறது. கால் விலகுகிறது.

மூளையில் எந்த இடத்தில் மனம் அந்த அசைவை உணர்கிறது? மூளையின் நடுவே பட்டாணியைவிடச் சிறிய ஒரு சுரப்பி இருக்கிறது. மூளையில் மற்ற உறுப்புகள் இரட்டையாக இருக்க, இது மட்டும் ஒற்றையாக இருக்கிறது என்று அவர் எண்ணினார். ஆகவே மனமும் உடம்பும் கை குலுக்கும் இடம் இதுதான் என்று முடிவு கட்டினார்.

இதில் அவர் தவறிவிட்டார். அந்தச் சுரப்பியிலிருந்து இரவில் மெலட்டோனின் என்ற பொருள் சுரக்கிறது என்றும், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்றும் 20-ம் நூற்றாண்டில் கண்டார்கள். அந்தப் பொருளைப் பிரித்து எடுத்தது 1958-ல். காலையில் எழுந்திருக்கப் பிடிக்காத மனிதர், தலைக்குள் இருக்கும் எத்தனையோ உறுப்புகளில் தூக்கத்தின் உறுப்பைப் பார்த்து ஆத்மாவின் வாசல் என்று சொன்னது ஒரு விநோதம்தான்.

ஒரு விஷயத்தில் அவர் பார்வை இன்றும் வைத்தியர்களை வியக்க வைக்கிறது. கையில் கொடிய புண் வந்த ஒரு சிறுமியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். வைத்தியர் வரும்போதெல்லாம் பயப்படாமல் இருப்பதற்காக அவள் கண்ணைக் கட்டிவிடுவார்களாம். புண் அழுகிவிட்டதால் கையை முழங்கை வரை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டிய இடத்தில் துணிகளைச் சுற்றி வைத்ததால் கை போனது அவளுக்குத் தெரியாது. ஆனால் இல்லாத கையின் விரல்களில் வலிக்கிறது என்று அழுதாள். இந்த விரலில், அந்த விரலில் என்று இடம் காட்டி அழுதாள்! விரல் போன பின்பும் விரலின் நரம்பு மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றார் டேக்கார்ட். வலி உணரப்படுவது விரலில் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது அவர் வாதம். போரில் கை கால் இழந்தவர்களுக்கு இப்படி வலிப்பதை இன்றைய வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள்.

உடம்பை இயந்திரமாக வர்ணித்த அந்த நூலை அவர் உயிரோடு இருந்தவரை அச்சிடவில்லை. 1633-ல், பூமி சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவுக்கு ரோமாபுரியில் தண்டனை கிடைத்த சேதி வந்தது. டேக்கார்ட் பயந்துபோனார். எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். 1637-ல்தான் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. பண்டிதர்களின் லத்தீனில் எழுதாமல், சாதாரண ஜனங்களும் பெண்களும் படிக்கட்டும் என்று பிரெஞ்சிலேயே எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்து கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணிதம் வளர்ந்ததும் அந்தப் புத்தகத்தோடு சேர்ந்து வந்த ஒரு பகுதியிலிருந்துதான்.

ஐந்து வயது மகள்

டேக்கார்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் அவர் தங்கியிருந்த வீட்டில் வேலை செய்த ஹெலினா என்ற பெண்ணுக்கும் அவருக்கும் 1635-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் பிரான்சின். குழந்தையைப் பிரான்சுக்கு அனுப்பி நல்ல படிப்புக் கொடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார்.

1640-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும் ஒரு வகை விஷக் காய்ச்சலில் குழந்தை இறந்தது. வயது ஐந்து. அடுத்த மாதமே டேக்கார்ட்டின் தந்தையும் இறந்தார்.

உடம்பை இயந்திரம் என்றவர் என்ன செய்தார்? அழுதார். அடுத்த ஜனவரியில், சகோதரனைப் பறிகொடுத்த ஒரு நண்பருக்கு ஆறுதல் எழுதினார். அழுகை பெண்களுக்கு மட்டுமே உரியது என்று நினைப்பவன் தான் அல்ல என்றும், தனக்கு மிக நெருங்கிய இருவரைத் தானும் இழந்திருப்பதாகவும் அதில் குறிப்பிட்டார்.

அவர் இறந்த பின் ஒரு கட்டுக்கதை கிளம்பியது. மகள் உருவத்தில் சாவி கொடுத்தால் அசையும் பொம்மை ஒன்றைச் செய்து, பெட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டு போனாராம். பெட்டியைத் திறந்து பார்த்த கப்பல் தலைவன் பிசாசு என்று அஞ்சிக் கடலில் எறிந்துவிட்டானாம். இது நடந்ததற்குச் சாட்சி எதுவும் கிடையாது. மனிதனை இயந்திரம் ஆக்கிவிட்டார் என்று அவர் மேல் பலருக்கு இருந்த கோபமே இப்படிக் கதையாக உலாவியது என்று தோன்றுகிறது.

இளவரசியின் கேள்வி

1641-ல் டேக்கார்ட்டின் பெரிய தத்துவ நூல் வெளிவந்தது. பண்டிதர்கள் கட்சி கட்டிக்கொண்டு வாதாடினார்கள். மிகக் கூர்மையான கேள்வி எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரவில்லை. 24 வயதான ஒரு பெண்ணிடமிருந்து வந்தது.

அவர் பெயர் எலிசபெத். தந்தை பொஹீமியா நாட்டின் ராஜாவாக ஒரு குளிர்காலம் மட்டும் இருந்து, 1620-ல் போரில் தோற்று எல்லாவற்றையும் இழந்தவர். தாய் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்சின் மகள். குடும்பம் ஹாலந்தில் தி ஹேக் நகரில் அகதியாக வாழ்ந்தது. பெயர்தான் ராஜ குடும்பம்! பணக் கஷ்டத்துக்குக் குறைவில்லை. எலிசபெத் எப்போதும் படித்துக்கொண்டே இருப்பார். கூடப் பிறந்தவர்கள் அவரைக் கிரேக்கப் பண்டிதை என்று கேலி செய்வார்களாம்.

1643-ம் ஆண்டு மே மாதம் டேக்கார்ட்டுக்கு அவர் முதல் கடிதம் எழுதினார். கேள்வி இதுதான். ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ள வேண்டுமானால் அதைத் தொட வேண்டும். தொட வேண்டுமானால் இடத்தை அடைக்கும் உருவம் வேண்டும். மனத்துக்கு உருவமே கிடையாது என்கிறீர்கள். அப்படியானால் அது உடம்பை எப்படி அசைக்கிறது?

டேக்கார்ட் திணறிப்போனார். பூமியை நோக்கிக் கல் விழுகிறது, அதன் கனம் கல்லைத் தொட்டா தள்ளுகிறது என்று ஓர் உவமை எழுதி அனுப்பினார். இளவரசி விடவில்லை. கனத்தைப் பற்றிய அந்தப் பழைய எண்ணம் தவறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, தவறான எண்ணத்தை வைத்து இதை எப்படி விளக்குவது என்று மடக்கினார். உருவம் இல்லாத மனம் உடம்பை அசைக்கிறது என்று நம்புவதைவிட, மனத்துக்கும் ஏதோ ஓர் உருவம் உண்டு என்று நம்புவது தனக்கு எளிதாக இருக்கிறது என்றும் எழுதினார்.

ஜூன் மாதம் டேக்கார்ட் அனுப்பிய பதில் விசித்திரமானது. மனமும் உடம்பும் வேறு என்பதை யோசித்து அறியலாம், இரண்டும் ஒன்று சேர்ந்திருப்பதை யோசித்து அறிய முடியாது என்றார். அன்றாட வாழ்க்கையில் ஈடுபட்டு, நாலு பேரோடு பேசிப் பழகித்தான் அதை உணர வேண்டும் என்றார். தத்துவ யோசனைக்குத் தாம் ஆண்டுக்குச் சில மணி நேரமே செலவிடுவதாகவும் சொன்னார். தத்துவத்துக்காகவே வாழ்ந்த மனிதர், தத்துவத்தை மூடி வைத்துவிட்டு வாழ்ந்து பாருங்கள் என்று சொல்கிறார்! இதை நழுவல் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு என்னவோ, அவர் எழுதியவற்றிலேயே மிகவும் நேர்மையான கடிதம் இது என்று படுகிறது.

துயரமும் காய்ச்சலும்

1645-ல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தன. வைத்தியர்கள் பத்தியம் சொன்னார்கள். டேக்கார்ட் வேறு காரணம் சொன்னார். இப்படி நீடிக்கும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் துயரமே காரணம் என்று எழுதினார். தம் தாயைப் பற்றியும் தம் சின்ன வயது இருமலைப் பற்றியும் சொன்னது அந்த நாட்களின் கடிதங்களில்தான். எதையும் நல்ல பக்கத்திலிருந்து பார்க்கும் பழக்கத்தாலேயே அந்த நோய் தம்மை விட்டு மெல்ல மெல்லப் போனது என்று நம்பினார்.

மனம் வேறு, உடம்பு வேறு என்ற மனிதர் மனத்துக்கு மருந்து கொடுத்து உடம்பைக் குணப்படுத்தப் பார்க்கிறார்!

இளவரசி இதையும் சும்மா ஏற்கவில்லை. குடும்பத்தின் மேல் இடி மேல் இடியாக விழுந்துகொண்டிருக்கிறது, என் உடம்பு என் மனத்தின் துயரத்தைச் சுமக்கிறது, நோய் மனத்தின் அறிவையே பிடுங்கிக்கொள்ளும்போது மனத்தால் எப்படி நோயை வெல்வது என்று கேட்டார். அவருடைய தங்கை சோபியா பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எலிசபெத்துக்கு அடிக்கடி மூக்கு சிவந்துவிடுமாம். அப்போது அறையை விட்டு வெளியே வரவே மாட்டாராம். அவ்வளவு தத்துவமும் மூக்குச் சிவப்புக்கு உதவவில்லை என்பது தங்கையின் கிண்டல்.

மனத்தின் உணர்ச்சிகளைப் பற்றி விளக்கமாக எழுதும்படி இளவரசி வற்புறுத்தினார். பயத்தில் முகம் ஏன் வெளுக்கிறது, வெட்கத்தில் ஏன் சிவக்கிறது, சோகத்தில் கண்ணீர் ஏன் வருகிறது என்று டேக்கார்ட் ஆராய்ந்தார். 1649-ல் அது புத்தகமாக வந்தது. அதுவே அவருடைய கடைசிப் புத்தகம். அந்த ஆண்டு ஜனவரியில்தான் எலிசபெத்தின் தாய்மாமன், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், கோடரியால் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

காலை ஐந்து மணி

சுவீடன் தேசத்தின் ராணி கிறிஸ்டினா, வயது 22. டேக்கார்ட்டின் நூல்களைப் படித்துவிட்டு, நேரில் வந்து பாடம் சொல்ல வேண்டும் என்று அழைத்தார். கரடியும் பாறையும் பனியும் நிறைந்த நாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று டேக்கார்ட் தயங்கினார். ராணியின் அழைப்பு ஆயிற்றே! 1649 செப்டம்பரில் கப்பல் ஏறினார். ஸ்டாக்ஹோமில், பிரெஞ்சுத் தூதராக இருந்த நண்பர் ஷானுவின் வீட்டில் தங்கினார்.

ராணி பாடத்துக்குக் குறித்த நேரம் காலை ஐந்து மணி. அப்போதுதான் ராணிக்கு மனம் தெளிவாக இருக்குமாம்! 1650 ஜனவரி, கொடும் பனிக்காலம். வாழ்நாள் முழுவதும் வெயில் ஏறும் வரை படுக்கையில் கிடந்த மனிதர், இருட்டில் வண்டி ஏறி அரண்மனைக்குப் போய், குளிர்ந்த புத்தகசாலையில் நின்று பாடம் சொன்னார்.

ஷானுவுக்கு நுரையீரலில் சளிக் காய்ச்சல் கண்டது. அவர் பிழைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்து கவனித்த டேக்கார்ட் பிப்ரவரி 1-ந் தேதி படுத்தார். ராணி அனுப்பிய வைத்தியர் ரத்தக் குழாயை வெட்டி ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்து முக்கிய சிகிச்சை அது. டேக்கார்ட் முதலில் மறுத்துவிட்டார். பிறகு நிலைமை முற்றியபோது சம்மதித்தார். பயன் இல்லை. பிப்ரவரி 11-ந் தேதி விடியற்காலை நாலு மணிக்கு உயிர் பிரிந்தது.

ஒரு சமயம், வைத்திய ஆராய்ச்சியால் நூறு வயது தாண்டியும் வாழலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பிறகு ஷானுவுக்கு எழுதியபோது, உயிரை நீட்டிக்கும் வழி அகப்படவில்லை, அதைவிடச் சுலபமான வழி அகப்பட்டது, சாவுக்கு அஞ்சாமல் இருப்பதே அது என்று குறிப்பிட்டார்.

தலை போன கதை

டேக்கார்ட் கத்தோலிக்கர். சுவீடன் புராட்டஸ்டண்ட் நாடு. அதனால் குழந்தைகளைப் புதைக்கும் ஓர் ஒதுக்குப்புறமான இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். 16 ஆண்டு கழித்து, 1666-ல், பிரான்சுக்குக் கொண்டு போவதற்காகத் தோண்டி எடுத்தார்கள். எலும்புகளைச் சிறிய செப்புப் பெட்டியில் அடைத்தார்கள். அப்போது பிரெஞ்சுத் தூதர் ஒரு விரல் எலும்பை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டார். காவல் படை அதிகாரி ஒருவர் தலையையே எடுத்துக்கொண்டார்! மண்டை ஓட்டின் நெற்றியிலேயே அந்தச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது.

அது கை மாறி, கை மாறி, 1821-ல் ஸ்டாக்ஹோமில் ஏலத்துக்கு வந்தது. சுவீடன் ரசாயன விஞ்ஞானி பெர்சீலியஸ் பத்திரிகையில் இதைப் பார்த்து, மண்டை ஓட்டைத் தேடி வாங்கிப் பாரிசுக்கு அனுப்பினார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே எலும்புகளைச் செயிண்ட் ஜெர்மன் கோவிலில் புதைத்துவிட்டார்கள். மீண்டும் யாரும் கல்லறையைத் திறக்கவில்லை.

டேக்கார்ட் இறந்ததும் அவருடைய பெட்டியில் எலிசபெத்தின் கடிதங்கள் இருப்பதை ஷானு கண்டார். அச்சிடலாமா என்று கேட்டார். இளவரசி சம்மதிக்கவில்லை, திருப்பி வாங்கிக்கொண்டார். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1667-ல் ஜெர்மனியில் ஹெர்போர்டு என்ற ஊரில் பெண் துறவிகள் மடத்துக்குத் தலைவியானார். மத விரோதத்தால் விரட்டப்பட்டவர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார். 1680-ல் காலமானார். டேக்கார்ட்டின் கடிதங்கள் அச்சாகி ஊரெல்லாம் படித்தன. பதில் இருந்தது, கேள்வி இல்லை! இருநூறு ஆண்டுக்கு மேல் இப்படியே போயிற்று.

ஹாலந்தில் ஆர்ன்ஹெம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகை. அங்கே இருந்த புத்தகங்களுக்கு இடையே இளவரசியின் கடிதங்களைப் பார்த்து எழுதிய நகல்கள் அகப்பட்டன. 1879-ல் பாரிசில் அவை அச்சேறின. உருவம் இல்லாத மனம் உடம்பை எப்படி அசைக்கிறது என்று கேட்கும் 1643-ம் ஆண்டு மே மாதக் கடிதமும் அவற்றில் இருந்தது.